டோப்ரி அண்ணாந்து பார்க்காத வசந்தம்

ரூசே,
பிப்ரவரி 24

அன்புத் தம்பி டோப்ரிக்கு,

அக்கா வெலிக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் இந்த டான்யூப் ஆற்றுக் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஒருவாறு நலம். அத்தானுக்கு முழங்கால் வலி. துறைமுகத்தில் நாளெல்லாம் கிரேன் ஏறி இறங்குகிறவருக்கு வேறு என்ன வலிக்கும்? உன் முதுகு, பல், மூட்டு எல்லாம் எப்படி? வாய் நன்றாகத்தான் இருக்கும்.

இத்துடன் சிவப்பும் வெள்ளையும் சேர்த்துத் திரித்த மார்த்தெனித்சா நூல் இரண்டு வைத்திருக்கிறேன். மார்ச் முதல் தேதி எழுந்ததும் பெரியதை உன் மணிக்கட்டில் கட்டிக்கொள். சின்னது பக்கத்து வீட்டு டோன்காவுக்கு. வேலிக்கு மேலே தூக்கி எறியாதே. நீயே கட்டிவிடு, கை ஒன்றும் வெந்துவிடாது.

அதை அவிழ்ப்பது முதல் செங்கால் நாரையைப் பார்த்த அன்று. ஊரே பார்த்தாலும் சரி, உன் கண் பார்த்தால்தான் உனக்குக் கணக்கு. ஆனால் இந்த வருஷம் உன் தலைக்கு மேல் இன்னொரு கணக்கும் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? போன இலையுதிர் காலத்தில், பிளம் பழ ராக்கியாச் சாராயம் காய்ச்சும் கொப்பரையைச் சுற்றிப் பாதி ஊர் உட்கார்ந்திருந்தபோது நீ எழுந்து நின்றாய். நிற்க முடியாமல் நின்றாய்.

“டோன்கா! வர்ற வசந்தத்துல முதல் நாரைய நான் பாக்குற அன்னிக்கு உன்கிட்ட ஒரு விஷயம் கேப்பேன். சத்தியம்!”

அவள் கிளறுவதை நிறுத்தாமலே, “கேளு, காது இருக்கு” என்றாள்.

என்ன விஷயம் என்று கொப்பரைக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாய்க்குக்கூடத் தெரியும். பாவம், அவள் கணவன் போய் எத்தனை வருஷம்! நீயும் கட்டைப் பிரம்மச்சாரியாக அவள் வேலியை மட்டும் வருஷா வருஷம் சரி செய்துகொண்டிருக்கிறாய். அந்த வேலிக்கு இனிமேல் ஆணி அடிக்க இடம் கிடையாது. கேட்டுவிடு.

உன் நலம் விரும்பும்,
வெலிக்கா


தோல்னா ரேக்கா,
மார்ச் 6

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி டோப்ரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உடல்நலம் குறைவில்லை. கூட்டுறவுப் பண்ணையின் டிராக்டர்களுக்குத்தான் உடம்பு சரியில்லை. மூன்றில் இரண்டு இருமுகின்றன, ஒன்று செத்தே போய்விட்டது. அத்தானின் முழங்காலுக்கு கிரீஸ் தடவச் சொல்லவும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இங்கே ஒருவருக்குக் குணமாகியிருக்கிறது.

நூல் வந்து சேர்ந்தது. நீங்கள் சொன்னபடியே டோன்காவின் கையில் நானே கட்டிவிட்டேன். அவள் பால்பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வேலிக்கு மேலே கையை நீட்டினாள். எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான், டிராக்டரில் கலப்பையை இழுக்கப் போடுகிற முடிச்சு. அதைப் போட்டேன்.

“இது கையா, கொக்கியா? ரத்தம் ஓடணும் டோப்ரி!” என்று கத்தினாள். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த விஷயம் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று பேசியது பாதி நான், பாதி ராக்கியா. இருந்தாலும் நம் குடும்பத்தில் சொன்ன சொல்லை யாரும் விழுங்கியதில்லை. முதல் நாரையை என் கண்ணால் பார்க்கிற அன்று கேட்பேன். அதற்கு முன்பு கேட்க முடியாது, அது முறையல்ல. இரண்டு வீட்டு வேலிக்கும் நடுவில் நிற்கும் மின்கம்பத்து உச்சியில் கூடு காலியாகத்தான் இருக்கிறது. வரும்போது வரட்டும். அவசரப்படுத்த வேண்டாம், நெடுந்தூரத்திலிருந்து வருகிற பறவை.

பணிவுடன்,
டோப்ரி


ரூசே,
மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆவல் என்றால் சாதாரண ஆவல் இல்லை, நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் காலை படகுத்துறையில் மீன் வாங்க நின்றேன். ஆற்றுக்கு மேலே கும்பலாக நாரைகள், அத்தனையும் பறந்துகொண்டிருந்தன! மீன்காரி தராசைப் போட்டுவிட்டுக் கை தட்டினாள். நான் அங்கேயே நூலை அவிழ்த்து, பூத்திருந்த வாதுமை மரத்தில் கட்டிவிட்டேன். முதல் நாரையைப் பறக்கப் பார்த்தவளுக்கு வருஷம் முழுக்கக் கால் ஓயாது என்பார்கள். உங்கள் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்கு வரப்போகிறேன் என்றுதான் அர்த்தம். வேறு எங்கே போகப்போகிறேன்?

அவை தெற்கிலிருந்து வந்தவை. உங்கள் ஊரைத் தாண்டாமல் இங்கே வர வழியில்லை. என்ன ஆயிற்று? பார்த்தாயா? கேட்டாயா? என்ன சொன்னாள்? ஒரு வார்த்தையும் விடாமல் எழுது. அத்தான்கூட ஆவலாக இருக்கிறார். அவர் ஆவலாக இருப்பது கால்பந்துக்கு மட்டும்தான், தெரியுமல்லவா?

அன்புடன்,
வெலிக்கா


தோல்னா ரேக்கா,
ஏப்ரல் 3

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். அத்தானுக்கும் நலம் உண்டாகட்டும்.

மிகுந்த வருத்தத்துடன் தெரிவிப்பது: இந்த வருஷம் நாரை இன்னும் வரவில்லை. அதாவது, என் பார்வைக்கு வரவில்லை. ஆப்பிரிக்காவில் காற்று சரியில்லையோ என்னவோ. வழியில் துருக்கியில் தங்கிவிட்டதோ என்னவோ. அதுவும் ஒரு ஜீவன்தானே.

ஊரில் வம்பர்களுக்குக் குறைச்சலில்லை. முந்தாநாள் நான் மதுக்கடையைத் தாண்டிப் போகும்போது வாசலில் நின்ற அத்தனை பேரும், “டோப்ரி! மேல பாருய்யா, மேல! நாரை!” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஏப்ரல் முதல் தேதி அன்று அண்ணாந்து பார்த்து ஏமாறுவதற்கு நான் என்ன பச்சைக் குழந்தையா? செருப்பு நுனியைப் பார்த்தபடி போய்விட்டேன். நேற்றும் கத்தினார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதியும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இங்கே வானிலை மோசம். எந்த நேரமும் மழை வரலாம் என்பதால் குடையை விரித்தே வைத்திருக்கிறேன். இந்த வருஷத்து மழை கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது: அங்கங்கே சொட்டுச் சொட்டாக, வெள்ளையாக, சற்றுக் கெட்டியாக விழுகிறது. கழுவினாலும் குடையிலிருந்து போகவில்லை. நேற்று ஒரு தவளைகூட விழுந்தது, பாதி.

மற்றபடி மின்கம்பத்தில் ஏதோ கோளாறு. காலை முதல் உச்சியிலிருந்து டக டக டக டக என்று மரக்கட்டைகளை மோதவிட்டதுபோல் சத்தம். மின்வாரியத்துக்குச் சொல்லியிருக்கிறேன். ஆள் வந்து, அண்ணாந்து பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்படி இருக்கிறது நம் நாட்டில் வேலை.

பணிவுடன்,
டோப்ரி


ரூசே,
ஏப்ரல் 9

டேய் டோப்ரி,

இங்கே எல்லோரும் நலம். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பத்திரிகையில் பார்த்தேன். தெற்குச் சமவெளி முழுக்க மார்ச் கடைசியிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை, விதைப்புக்குத் தண்ணீர் காணாது என்று போட்டிருக்கிறான். உன் ஒருவன் தலைக்கு மேல் மட்டும் மழை! அதுவும் வெள்ளை மழை! தவளை மழை! அத்தான் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் காப்பி மூக்கு வழியாக வந்துவிட்டது.

டக டக என்று கம்பம் பேசாது தம்பி. அலகு பேசும்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், குடையை மடக்கி வைத்துவிட்டுப் பதில் சொல். உனக்கு என்ன பயம்?

வெலிக்கா


தோல்னா ரேக்கா,
ஏப்ரல் 16

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம். செத்த டிராக்டர் பிழைத்துவிட்டது.

நாரையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

காலையில் நான் என் பக்கம் முக்காலி போட்டுக்கொள்வேன், டோன்கா அவள் பக்கம். நடுவில் வேலி. அவள் காப்பி கொண்டுவருவாள், நான் சர்க்கரை கொண்டுவருவேன். பால்பண்ணையில் யார் யாரோடு சண்டை என்று சொல்வாள். கிளம்பும்போது, “சட்டைப் பொத்தான் போயிருக்கு, சாயந்தரம் குடு” என்பாள். அவ்வளவுதான். எனக்கு ஒரு நாள் என்பதே அந்தக் கொஞ்ச நேரம்தான் அக்கா.

நான் கேட்டு, அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் அந்த முக்காலியை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

டோப்ரி


தோல்னா ரேக்கா,
ஏப்ரல் 18

அன்புள்ள வெலிக்கா அக்காவுக்கு,

டோன்கா எழுதுகிறேன். ஆண்டவன் புண்ணியத்தில் நான் நலம், பசுக்கள் நலம். உங்கள் தம்பிதான் நலமா என்று ஊருக்கே சந்தேகம்.

நாரை வந்து நாளாயிற்று அக்கா. ஜோடியாக வந்து, கூட்டைச் செப்பனிட்டு, இப்போது முட்டைமேல் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் தம்பி கொளுத்தும் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறான். குடைக்குள்ளே தொப்பி, தொப்பி மூக்குவரை. காப்பி குடிக்க முக்காலியைத் திருப்பிப் போட்டு, கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறான். “ஏன்டா திரும்பி உக்காந்திருக்கே?” என்றால், “கண்ணு கூசுது” என்கிறான். மேகமாக இருந்த அன்றும் கூசியது.

ஈஸ்டர் அன்று முட்டைகளை மோதவிட்டு விளையாடியதில் என் முட்டை அவன் முட்டையை உடைத்துவிட்டது. அதைச் சகுனம் என்று எடுத்துக்கொண்டு நாளெல்லாம் சோகமாகத் திரிந்தான். முட்டைக்கு என்ன தெரியும்?

ஊர்ப்பெண்கள் என்னிடம், “நீயாவது அவன் தலையப் புடிச்சு மேல தூக்கேன்டி” என்கிறார்கள். நான் ஏன் தூக்க வேண்டும்? சத்தியம் செய்தவன் அவன். தலையும் அவனுடையது.

ஆனால் அக்கா, மனம் விட்டுச் சொல்கிறேன், எனக்கு அலுத்துவிட்டது. வார்னாவில் இருக்கும் என் மகன் இவைலோ, “அம்மா, இங்க வந்துடு, பிள்ளைகளைப் பாத்துக்க ஆள் வேணும்” என்று நச்சரிக்கிறான். மே ஆறாம் தேதி, கியோர்கி திருநாள் அன்று லாரியோடு வருகிறான். அதற்குள் உங்கள் தம்பி வாயைத் திறந்தால் சரி. இல்லையென்றால் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பேச்சு அவ்வளவுதான்.

நான் நாரையைப் பார்த்து எத்தனையோ நாளாகியும் நூல் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. அவன் போட்ட முடிச்சு அவிழமாட்டேன் என்கிறது. கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை.

இதில் எதையும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

அன்பு மாறாத,
டோன்கா


ரூசே,
ஏப்ரல் 24

தம்பி டோப்ரிக்கு,

நலம். ஒருவர் என்னை நம்பி ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகையால் சொல்கிறேன்.

கியோர்கி திருநாள் அன்று இவைலோ லாரி கொண்டுவருகிறான். டோன்கா வார்னாவுக்குப் போகிறாள். வந்து போக அல்ல, ஒரேயடியாக.

முக்காலியை எங்கே போடுவது என்று கேட்டிருந்தாயே. நீ கேட்டு அவள் மாட்டேன் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் கோபமாக ஒரு டோன்கா இருப்பாள். நீ கேட்காவிட்டால் அந்தப் பக்கம் பூட்டுத்தான் இருக்கும். பூட்டோடு உட்கார்ந்து காப்பி குடி.

அக்கா


தோல்னா ரேக்கா,
மே 3

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நலமில்லை. வலது கால் முழங்காலிலிருந்து கீழே மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. கவலைப்பட வேண்டாம், விஷயத்தைக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசலில் நின்று படித்தேன். படித்ததும் கை தானாகக் குடையை வீசிவிட்டது. தொப்பியையும் வீசினேன். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அண்ணாந்தேன். கண்ணைத் திறந்தால் கூடு காலி மாதிரித் தெரிகிறது! ஒன்று மேய்ச்சலுக்குப் போய்விட்டது, மற்றது குழிவான கூட்டுக்குள் முட்டைமேல் படுத்துவிட்டது, ஒரு இறகுகூடத் தெரியவில்லை. இத்தனை நாள் என் தலைமேலேயே குடித்தனம் நடத்தி, என் குடையை நாசம் செய்த ஜோடி, நான் துணிந்த அன்று முகம் காட்டவில்லை.

பார்க்காமல் கேட்க முடியாது. சத்தியம் அப்படி. ஆற்றோரப் புல்வெளிக்கு ஓடினேன். வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். தலை குனிந்து நடந்த அத்தனை நாளும் ஒரு கல்கூடத் தடுக்கவில்லை அக்கா. தலை நிமிர்ந்த முதல் நாளே, கூட்டுறவுக்காரர்கள் புதிதாக வெட்டிய வாய்க்காலில் விழுந்தேன். கால் மளுக்கென்றது.

சேற்றில் மல்லாக்கக் கிடந்தேன். கண்ணைத் திறந்தால், வாய்க்கால் கரையில் சிவப்புக் கால் இரண்டு. மேலே நாரை, வாயில் தவளையோடு என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது.

“பாத்துட்டேன்! பாத்துட்டேன்!” என்று கத்தினேன். பால் வண்டியை விட்டு இறங்கி, பால்பண்ணைப் பெண்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். முன்னால் டோன்கா.

“என்னத்தைப் பாத்தே?”

“நாரைய!”

“ஓகோ. வந்துருச்சா?” என்றாள், ஒன்றும் தெரியாதவள்போல.

“டோன்கா, உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும்.”

“சேத்துக்குள்ள இருந்துகிட்டேவா?”

“பாத்த அன்னிக்கே கேக்கணும். சத்தியம்.”

இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “கேளு, காது இருக்கு.”

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

நாரை அப்போதுதான் தவளையை விழுங்கியது. டோன்கா என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

“புடிங்கடி ஆளுக்கொரு பக்கம். முதல்ல வண்டியில ஏத்துவோம்.”

இதுதான் பதில். இதற்கு என்ன அர்த்தம் அக்கா? உடனே எழுதவும். நின்ற நாரையை முதலில் பார்த்தவன் வருஷமெல்லாம் உட்கார்ந்திருப்பான் என்பது உண்மைதான், மருத்துவரும் அதையேதான் சொல்கிறார்.

டோப்ரி


தோல்னா ரேக்கா,
மே 10

அன்புள்ள வெலிக்கா அக்காவுக்கு,

நலம். நீங்கள் யாரிடமும் சொல்லமாட்டீர்கள் என்று நம்பி எழுதியதற்குக் கைமேல் பலன். உங்களைப் பற்றித் தெரியாமலா எழுதினேன்!

இவைலோ லாரியோடு வந்தான். ஆட்டுக்குட்டி வறுத்து, வயிறு நிறையப் போட்டு, லாரியில் ஒரு பீப்பாய் பாலாடைக்கட்டியும் தயிர்ப் பானைகளும் ஏற்றினேன். “உன் துணிமணி எங்கம்மா?” என்றான். “நான் வரலைடா. ஒருத்தன் கேள்வி கேட்டிருக்கான். பதில் சொல்லாம ஊரை விட்டுப் போறது மரியாதையா?” என்றேன். லாரி முழுக்கத் தயிரோடு போய்ச் சேர்ந்தான், பாவம்.

உங்கள் தம்பி கட்டிலில் படுத்துக்கொண்டு, கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம், “பதில்?” என்கிறான். நேற்றுச் சொல்லிவிட்டேன்.

“நாரை வர்ற வரைக்கும் என்னைக் காக்க வெச்சே. வந்த பெறகும் குடை புடிச்சு நின்னே. நாரை திரும்பிப் போற அன்னிக்கு நான் பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி வாயைத் திறந்தா கஞ்சி கிடையாது.”

கட்டிலைச் சன்னலோரமாக நகர்த்திப் போட்டிருக்கிறேன், கூட்டுக்கு நேரே. இனிமேல் பார்த்துக்கொண்டே கிடக்கட்டும். பதில் என்னவென்று நீங்களும் கேட்காதீர்கள். உங்கள் வாயைத் தந்தி ஆபீஸாக ஒருமுறைதான் பயன்படுத்தலாம்.

அன்புடன்,
டோன்கா


தோல்னா ரேக்கா,
ஜூலை 28

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். மாவுக்கட்டு எடுத்தாயிற்று, தடி ஊன்றி நடக்கிறேன். அத்தானின் முழங்காலும் என் காலும் இனிப் பேசிக்கொள்ளலாம்.

நாரை போக வேண்டும் என்று இந்த நாட்டில் என்னைப்போல் ஏங்கியவன் யாரும் இருக்கமாட்டான். மூன்று குஞ்சுகள். இரண்டு பறந்துவிட்டன. மூன்றாவது சோம்பேறி கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை விரிக்கிறது, கீழே பார்க்கிறது, மறுபடி உட்கார்ந்துவிடுகிறது. “பறந்து தொலையேன், என்ன பயம் உனக்கு?” என்று கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டோன்கா, “யார் யாரைப் பாத்து என்ன கேக்குறதுன்னு ஒரு விவஸ்தையே இல்ல” என்றாள்.

பதிலை அவள் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. நேற்று ஒன்றை மட்டும் கவனித்தேன். மார்ச்சில் நான் கட்டிய நூல் இன்னும் அவள் கையில் இருக்கிறது, பால் வாளியில் நனைந்து நனைந்து சிவப்பு வெளுத்துப்போய். “ஏன் இன்னும் கழட்டல?” என்றேன். “நீ போட்ட முடிச்சு. எனக்கு அவுக்க வரல” என்றாள். “கத்தரிக்கோல் கொண்டுவரட்டுமா?” என்றேன். முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று காப்பியும் இல்லை. நான் என்ன தப்பாகச் சொன்னேன்?

டோப்ரி


ரூசே,
ஆகஸ்ட் 4

தம்பி,

நலம். உன் அத்தான் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நான் சுவரிலேயே முட்டிக்கொண்டேன்.

கத்தரிக்கோலை எங்கேயாவது கிணற்றில் போடு. நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வை. மேலே பார்த்துக்கொண்டிரு.

அக்கா


தந்தி
தோல்னா ரேக்கா, ஆகஸ்ட் 23

நாரை போய்விட்டது. டோன்கா போகவில்லை. முடிச்சு அப்படியே இருக்கிறது. ஞாயிறு கல்யாணம். அத்தானுடன் வரவும். டோப்ரி.